இறுதிக் கணமும் ஏல அறமும்

பொருளொன்றின் விலை நியாயமானதா என்னும் வினா வாணிகம் தோன்றிய நாள்தொட்டு மனிதரிடையே எழுந்துவரும் வினாவாகும். கடையில் விற்கப்படும் பொருளுக்கு விற்பவனே விலை குறிக்கின்றான். வாங்க வந்தவன் அதனை ஏற்கின்றான், அன்றேல் மறுத்துச் செல்கின்றான். ஏலத்தின் இயல்பு இதனின்றும் வேறானது. அங்கே விலை முன்னரே வகுக்கப்பட்டிருப்பதில்லை. பலர் கூடிய இடத்தில் ஒருவர் கூறிய தொகையை மற்றவர் செவிமடுத்து, அதற்கு மேல் ஒன்றைக் கூற, அந்த உரையாடலின் முடிவிலேயே விலை பிறக்கின்றது. 'ஏலம்' என்னும் சொல் போர்த்துக்கேய மொழி வழியாகத் தமிழை வந்தடைந்ததாயினும், ஏலத்தில் விலை கூறுவதைத் தமிழர் 'கேட்டல்' என்றே வழங்குவர். ஏலம் கேட்பவர், கேள்வித் தொகை, கேள்விப்பத்திரம் என்னும் வழக்குகள் யாவும் அவ்வடியிற் பிறந்தவையே. கேட்டல் என்பது வினாவுதலையும் குறிக்கும், செவிமடுத்தலையும் குறிக்கும். ஏலத்திலே இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன.

ஏலங் கூறுபவர் பொருளை முடித்துக் கொடுக்குமுன் 'ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்' என அழைப்பது வழக்கம். இவ்வழைப்பை வெறுஞ் சடங்கென்று கொள்ளுதல் தவறாகும். ஒவ்வொரு தரத்துக்கும் இடையில் அவர் விடும் சிறு இடைவெளி, இன்னும் கேட்க விரும்புவோருக்கு வழங்கப்படும் அவகாசமாகும். மூன்றாந் தரத்துக்கு முன் எவரேனும் புதிய தொகையொன்றைக் கூறுவாராயின் எண்ணிக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். எனவே, கேட்கப்பட்ட எத்தொகைக்கும் விடையளிக்கும் வாய்ப்பு ஏனையோருக்கு இருந்தே தீரும். இணையவழி ஏலங்களில் ஏலங் கூறுபவரின் இடத்தை மணிக்கூடு எடுத்துக்கொண்டபோது மறைந்துபோனது இந்த அவகாசமே. அதன் விளைவாக எழுந்ததொரு பழக்கத்தின் அறத் தன்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணையவழி ஏலத்தின் வரலாறு நெடியதன்று. 1995ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்ணியாவில் பியர் ஒமிட்யார் என்பவர் 'ஒக்சன்வெப்' என்னும் பெயரில் ஏலத்தளமொன்றைத் தொடங்கினார். 1997இல் அது 'ஈபே' எனப் பெயர் மாற்றம் பெற்றது. அங்கு முதன்முதலாக விலைபோன பொருள் பழுதடைந்த லேசர்ச் சுட்டியொன்று என்பதும், அது 14.83 டொலருக்கு விற்கப்பட்டது என்பதும் பலரறிந்த செய்திகள். பழுதடைந்தது என்று தெரிந்தே ஒருவர் அதனை வாங்கினார். அத்தகைய பொருள்களைச் சேர்த்துவைப்பதில் அவருக்கு விருப்பம் இருந்தது. பொருளின் பெறுமதி பொருளில் மாத்திரமன்றி அதனை விரும்புவோரின் உள்ளத்திலும் தங்கியுள்ளது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இத்தளத்தின் விதிகள் இரண்டு ஈண்டு கவனிக்கத்தக்கன. முதலாவது, ஒவ்வோர் ஏலமும் விற்பவர் தெரிவுசெய்யும் கால எல்லைக்குள், உதாரணமாக ஏழு நாள்களிலோ பத்து நாள்களிலோ, முன்னரே அறிவிக்கப்பட்ட விநாடியில் முடிவடையும். எவர் எப்பொழுது கேட்டாலும் அவ்விநாடி மாறுவதில்லை. இரண்டாவது, ஏலம் கேட்பவர் தாம் கொடுக்கக்கூடிய உச்சத் தொகையை முன்கூட்டியே பதிந்துவைக்கலாம். அத்தொகை ஏனையோருக்குக் காட்டப்படுவதில்லை. தேவைப்படும் அளவுக்கு மட்டும் தளமே அவருக்காகச் சிறிது சிறிதாகத் தொகையை உயர்த்திச் செல்லும். பழைய மணிக்கூடு ஒன்றுக்கு ஒருவர் 60 டொலரையும் மற்றொருவர் 80 டொலரையும் உச்சமாகப் பதிந்திருப்பின், இரண்டாமவர் 61 டொலருக்கு அதனைப் பெறுவார். அதாவது, வெல்பவர் செலுத்துவது தமது உச்சத் தொகையை அன்று. அடுத்தவரின் உச்சத் தொகைக்குச் சற்று மேலான தொகையையே செலுத்துகின்றார். இருவர் ஒரே தொகையைப் பதிந்திருப்பின் முன்னர் பதிந்தவருக்கே பொருள் உரியதாகும்.

இவ்விதிகளின் நடுவே தோன்றியதே இறுதிக் கணக் கேள்வி. ஏழு நாளும் ஓசையின்றி இருந்து, ஏலம் முடிவதற்குச் சில விநாடிகளே எஞ்சியிருக்கும் வேளையில் ஒரே முறை கேட்டுப் பொருளைப் பெற்றுக்கொள்வது அதன் முறை. ஆங்கிலத்தில் இதனை 'ஸ்னைப்பிங்' என்பர். உள்ளான் குருவியைப் பதுங்கியிருந்து சுடும் வேட்டையிலிருந்து பிறந்த சொல் அது. தொடக்கத்தில் மனிதர் தாமே கணினியின் முன் விழித்திருந்து செய்த இச்செயலை விரைவிலேயே பொறி ஏற்றுக்கொண்டது. 1999ஆம் ஆண்டிலேயே 'ஈஸ்னைப்' என்னும் சேவை தோன்றிவிட்டது. பின்னர் அதுபோன்ற பல தோன்றின. வேண்டிய பொருளையும் கொடுக்கக்கூடிய உச்சத் தொகையையும் அச்சேவையிடம் ஒப்படைத்துவிட்டால், உரியவர் உறங்கிக்கொண்டிருக்கையிலும் இறுதிச் சில விநாடிகளில் அது அவருக்காகக் கேட்கும். ஈபே இதனைத் தடைசெய்யவில்லை. எனவே, சட்டத்தின் நோக்கில் வினா எதுவும் இல்லை. ஆயினும் அனுமதிக்கப்பட்டது அனைத்தும் அறத்தின்பாற்பட்டது ஆகிவிடுமா என்பதே இங்கு எழும் வினாவாகும்.

இப்பழக்கம் கணினியுகத்தின் கண்டுபிடிப்பு என எண்ணுதல் பொருந்தாது. பதினேழாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் மெழுகுதிரி ஏலம் என்றொரு முறை நிலவிற்று. ஓர் அங்குல அளவான மெழுகுதிரியை ஏற்றிவைத்து, அது அணையும் கணத்துக்கு முன் இறுதியாகக் கேட்டவருக்குப் பொருளை வழங்குவர். ஆங்கிலேயக் கடற்படை அலுவலகத்திற் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ் என்பவர் 1662ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆந் திகதி பழைய கப்பல்கள் மூன்று இவ்வாறு ஏலத்தில் விற்கப்பட்டமையைத் தமது நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். தொடக்கத்தில் கேட்பதற்குத் தயங்கிய மக்கள் சுடர் தளரும் வேளையில் ஒருவர்மேல் ஒருவர் கூச்சலிட்டனர். அவர்களுள் ஒருவர் மாத்திரம் தவறாது இறுதியிற் கேட்டு வெற்றி பெற்றமையைக் கண்டு பீப்ஸ் காரணம் வினவினார். சுடர் அணையும் தறுவாயில் புகை கீழ்நோக்கி இறங்கும் எனவும், அதனைக் கொண்டே தாம் கணத்தை அறிவதாகவும் அம்மனிதர் கூறினார். அவர் ஊன்றி நோக்கி அறிந்ததை இன்றைய பொறி எண்ணி அறிகின்றது. முடிவுக் கணம் ஒன்று நிலைநிறுத்தப்படும் இடத்தில் அக்கணத்தை நாடும் மதிநுட்பமும் தோன்றியே தீரும் என்பது இவ்விரு காலங்களையும் ஒப்புநோக்கின் புலனாகும்.

இனி, இப்பழக்கத்தின்மீது சுமத்தப்படும் குற்றத்தை நோக்குதல் வேண்டும். ஏழு நாளாகப் பலரறியக் கேட்டுவந்த ஒருவர், வெற்றி கைக்கெட்டும் தறுவாயில், அதுவரை முகங்காட்டாத ஒருவரிடம் பொருளை இழக்கின்றார். 'இன்னும் ஒரு நிமிடம் கிடைத்திருப்பின் அதற்கு மேலும் கொடுத்திருப்பேன்' என்பதே அவரது முறையீடு. தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு இம்முறையீடு கம்பராமாயணத்தின் வாலி வதைப் படலத்தை நினைவூட்டும். இருவர் எதிரெதிர் நின்று பொருதுகையில் மறைந்து நின்ற மூன்றாமவனின் அம்பு ஒருவனை வீழ்த்துகின்றது. வீழ்ந்தவன், எதிர் வந்து நில்லாமை அறமோ என வினவுகின்றான். மறைந்து நின்று எய்தமைக்கான விடையைக் கம்பர் இராமன் வாயிலாகவன்றி இலக்குவன் வாயிலாகவே தருகின்றார். அவ்விடை போதுமானதா என்பது தமிழறிஞர் மன்றங்களில் இன்றுவரை வாதிக்கப்படும் பொருளாகும்.

எனினும் ஒப்புமையை அதன் எல்லைக்கு அப்பாற் கொண்டுசெல்லுதல் ஆகாது. வாலி இழந்தது உயிர். அது அவனுக்கே உரியது. ஏலத்தில் தோற்றவர் இழந்ததோ இன்னும் தமக்கு உரியதாகாத பொருள். மேலும், மறைந்திருந்து எய்யலாம் என்னும் விதியை ஏற்று வாலி போருக்கு வரவில்லை. இணைய ஏலத்திற் புகும் எவரும் முடிவு விநாடியை அறிந்தே புகுகின்றனர். தமது உச்சத் தொகையை முன்னரே பதிந்துவைக்கும் வாய்ப்பும் அவர்களுக்கு உண்டு. தமது மெய்யான எல்லையைப் பதிந்துவைத்த ஒருவரை இறுதிக் கணத்திற் கேட்பவர் வெல்வாராயின், முன்னவர் கொடுக்க விரும்பாத தொகையைப் பின்னவர் கொடுக்க முன்வந்தார் என்பதே அதன் பொருள். அங்கு அநீதி எதுவும் நிகழவில்லை.

இவ்வாதத்தின் பின்னணியில் வில்லியம் விக்கிறி என்னும் பொருளியலாளரின் ஆய்வு நிற்கின்றது. 1961இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் அவர், மூடிய கேள்விகளுள் உயர்ந்ததைக் கூறியவருக்குப் பொருளைக் கொடுத்து, இரண்டாவது உயர்ந்த தொகையையே அவரிடமிருந்து பெறும் முறையை ஆராய்ந்தார். அம்முறையில், கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தமது உண்மையான மதிப்பைக் கூறுவதே நன்மை பயக்கும் என அவர் காட்டினார். அதிகம் கூறினாலும் குறைத்துக் கூறினாலும் இலாபமில்லை. 1996ஆம் ஆண்டு பொருளியலுக்கான நொபெல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர். ஈபேயின் விதி விக்கிறியின் முறையைப் பெரிதும் ஒத்தது. ஆகவே, தம் மனத்தின் மதிப்பைத் தெளிவாக அறிந்த ஒருவருக்கு, பிறர் எப்பொழுது கேட்கின்றனர் என்பது ஒரு பொருட்டாகாது.

ஆனால், தம் மனத்தின் மதிப்பைத் தெளிவாக அறிந்தவர் எத்தனைபேர்? வாதம் தடுமாறும் இடம் இதுவே. புதிய கணினி ஒன்றை வாங்க விரும்புபவர் கடை விலையை விசாரித்துத் தம் எல்லையை வகுத்துக்கொள்ளலாம். நூறாண்டு பழைமையான பெட்டகமொன்றையோ கையெழுத்துப் பிரதியொன்றையோ வாங்க விரும்புபவரின் நிலை வேறு. அது உண்மையானதா, போலியா, அரியதா, மலிந்ததா என்பவற்றைப் பிறர் கேட்கும் தொகைகளைக் கொண்டே அவர் ஓரளவு உய்த்துணர்கின்றார். பிறரிடமிருந்து மதிப்பைக் கற்றுக்கொள்ளுதல் மதியீனமன்று. மனிதர் பெரும்பாலான மதிப்புகளை அவ்வழியிலேயே கற்கின்றனர். அல்வின் றோத், அக்செல் ஒக்கன்பெல்ஸ் ஆகிய பொருளியலாளர் இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று பகர்கின்றது. ஈபேயிற் கணினிகளுக்கான ஏலங்களைக் காட்டிலும் தொல்பொருள்களுக்கான ஏலங்களிலே இறுதி நேரக் கேள்விகள் மிகுந்திருந்தமையை அவர்கள் கண்டனர். பழம்பொருளின் தரத்தை அறிந்த ஒருவர் முன்னதாகக் கேட்பாராயின், அவரது கேள்வியே பொருளின் தரத்துக்கு நற்சான்றாகி ஏனையோரை ஈர்த்துவிடும். ஆதலால் அறிந்தவர் மௌனம் சாதிக்கின்றனர்.

இங்கேதான் குற்றச்சாட்டு அதன் வலுவான வடிவத்தைப் பெறுகின்றது. இறுதிக் கணத்திற் கேட்பவர் செவிமடுக்கின்றார், ஆனால் வினாவுவதில்லை. பிறர் வெளிப்படுத்திய மதிப்புகளால் அவர் பயன்பெறுகின்றார். தமது மதிப்பைப் பிறருக்கு வெளிப்படுத்துவதில்லை. கேட்டலின் இரு பொருளுள் ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தவிர்க்கின்றார்.

மௌனம் குற்றமாகுமா என்னும் இவ்வினாவை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சிசரோ விரிவாக ஆராய்ந்துள்ளார். கி.மு. 44இல் எழுதிய 'கடமைகள்' என்னும் நூலின் மூன்றாம் பகுதியில் அவர் ஓர் உதாரணத்தை எடுத்தாள்கின்றார். றோட்ஸ் தீவில் பஞ்சம் நிலவுகின்றது. அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலுடன் ஒரு வணிகன் வருகின்றான். தன் பின்னே மேலும் பல கப்பல்கள் வருகின்றமை அவனுக்குத் தெரியும், மக்களுக்குத் தெரியாது. அதனை அவன் அறிவித்தல் வேண்டுமா, அன்றேல் வாய்மூடியிருந்து உயர்ந்த விலைக்கு விற்கலாமா? கூறாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என வாதிட்டார் பாபிலோனிய டயோஜெனிஸ். அவரின் மாணவராகிய அன்ரிபேற்றர், அனைத்தையும் வெளிப்படுத்துதலே கடன் என்றார். தான் அறிந்ததை அறிதல் பிறருக்கு நன்மை பயக்குமென்று தெரிந்திருந்தும், தன் இலாபத்துக்காக அவர்களை அறியாமையில் வைத்திருப்பதே மறைத்தலாகும் என முடிவு கூறிய சிசரோ, அவ்வணிகன் மறைத்திருத்தல் ஆகாது என்றார்.

சிசரோவின் அளவுகோலை இறுதிக் கணக் கேள்விக்கும் பொருத்திப் பார்த்தல் தகும். றோட்ஸ் வணிகன் மறைத்தது உலகிலுள்ள ஓர் உண்மையை; பசித்த மக்களின் வாழ்வு அதிலே தங்கியிருந்தது. ஏலத்தில் மௌனமாயிருப்பவர் மறைப்பதோ தமது விருப்பத்தின் அளவை. வாங்க விரும்புபவர் தமக்கு அப்பொருள்மேல் உள்ள ஆசையின் அளவைப் பறைசாற்றுதல் வேண்டும் என எந்த அறநூலும் விதித்ததில்லை. சந்தையிலே தேங்காய்க்குப் பேரம் பேசும் பெண்ணுங்கூடத் தன் தேவையின் கடுமையை முகத்திற் காட்டுவதில்லை. அதனை வஞ்சனை என்பார் எவருமிலர். ஆகவே இது மறைத்தலாகாது, கூறாதிருத்தலே ஆகும்.

சிசரோ அதே நூலில் கூறும் மற்றொரு கருத்தும் ஈண்டு நோக்கற்பாலது. விற்பவன் விலையை உயர்த்தும்பொருட்டுப் போலியாகக் கேட்பவனை நிறுத்துதலும், வாங்குபவன் விலையைத் தாழ்த்தும்பொருட்டு அவ்வாறு ஒருவனை நிறுத்துதலும் நேர்மையாளர் செய்யாத செயல்கள் என்பது அவரின் முடிபு. இணைய ஏலங்களிலும் இத்தீமை உண்டு. விற்பவரே மாற்றுப் பெயரிலோ நண்பர் வாயிலாகவோ கேட்டு, முன்னதாகவே உச்சத் தொகையைப் பதிந்துவைத்த நேர்மையாளரைப் படிப்படியாக அவ்வுச்சம்வரை ஏற்றிவிட முடியும். ஈபே இதனைத் தடைசெய்துள்ளதாயினும் தடை எல்லா வேளையிலும் காவலாகிவிடுவதில்லை. இறுதி விநாடியிற் கேட்பவரிடம் இச்சூழ்ச்சி பலிப்பதில்லை. அவரைச் சோதிப்பதற்குச் சூழ்ச்சியாளனுக்கு நேரம் இருப்பதில்லை. ஆகவே மௌனம் ஒருவகையில் நேர்மையற்றவனுக்கு எதிரான கவசமும் ஆகின்றது. தன்னைக் காத்துக்கொள்ள மறைந்து நிற்பவனையும் பிறரைத் தாக்க மறைந்து நிற்பவனையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று.

அடுத்து, இச்செயலை மனிதர் தாமே செய்யாது பொறியிடம் ஒப்படைப்பதால் அறநிலை மாறுபடுமா என்பதையும் ஆராய்தல் வேண்டும். பொறி தன் விருப்பத்தால் எதனையும் செய்வதில்லை. அதற்குத் தொகையையும் பொருளையும் குறித்துக் கொடுத்தவரே அதன் செயலுக்குப் பொறுப்பாளர். 'நான் கேட்கவில்லை, பொறியே கேட்டது' என எவரும் தப்பித்துக்கொள்ள முடியாது. ஆனால், பொறி வாயிலாகக் கேட்பதிலே இரு நன்மைகள் உள்ளன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஒன்று, அது நேரத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கின்றது. கலிபோர்ணியாவில் கோடைகால நண்பகலில் முடிவடையும் ஏலம் இலங்கையில் நள்ளிரவு கடந்து 12.30 மணிக்கே முடிவடைகின்றது. விழித்திருக்க வசதியுள்ளவருக்கும் பகலெல்லாம் உழைத்துக் களைத்து உறங்குபவருக்கும் பொறி ஒரே வாய்ப்பை அளிக்கின்றது. மற்றது, அது அடக்கத்தைக் கற்பிக்கின்றது. ஏலக் களத்திலே போட்டியின் வெறி மனிதரைப் பற்றிக்கொள்ளும். பொருளை விரும்பியதைவிட எதிராளியை வெல்ல விரும்பி, கொடுக்கத் தகாத தொகையைக் கொடுத்துப் பின்னர் வருந்துவோர் பலர். அமைதியான வேளையில் எல்லையை வகுத்து, அதனைப் பொறியிடம் ஒப்படைத்து அகன்றுவிடுபவர் தமது எதிர்கால ஆசைக்குத் தாமே கடிவாளம் இட்டுக்கொள்கின்றார். வஞ்சனையின் கருவி எனப் பழிக்கப்படுவது தன்னடக்கத்தின் கருவியாகவும் அமையக்கூடும்.

எல்லோரும் இவ்வாறே செய்தால் யாது நிகழும்? செயலொன்றின் அறத்தன்மையைத் துணிவதற்கு ஜேர்மனிய மெய்யியலறிஞர் இம்மானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட நூலில் வகுத்த சோதனை இதனையே வினவும்படி பணிக்கின்றது. எல்லோரும் பொய் வாக்குறுதி அளிப்பராயின் வாக்குறுதி என்னும் வழக்கமே அழிந்துபோகும். எனவே பொய் வாக்குறுதி தன்னைத்தானே மறுக்கின்றது. எல்லோரும் இறுதிக் கணத்தில் மட்டுமே கேட்பராயின் ஏலம் அழிந்துபோவதில்லை. அது வேறோர் உருவம் கொள்கின்றது. ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியாத நிலையில் எல்லோர் கேள்விகளும் ஒரே வேளையில் திறக்கப்படும். அதாவது ஏலம் மூடி முத்திரையிட்ட கேள்விப்பத்திரம் ஆகிவிடும். அதுவும் நேர்மையான முறையே. அரசாங்கங்களும் நிறுவனங்களும் கையாளும் முறையே. எனவே கான்றின் சோதனையிலும் இச்செயல் குற்றமென்று தீர்க்கப்படுவதில்லை.

ஆனால் ஒன்றைக் குறிப்பிடாது விடுதல் ஆகாது. இறுதிக் கணத்திற் கேட்பவர் இன்று பெறும் நன்மையின் ஒரு பகுதி, ஏனையோர் இன்னும் முன்னதாகக் கேட்டுக்கொண்டிருப்பதாலேயே கிடைக்கின்றது. அவர்கள் பேசுவதால் இவர் அறிகின்றார். அவர்களும் மௌனித்துவிட்டால் இவர் அறிவதற்கு எதுவுமில்லை. பலர் சுமக்கும் விளக்கின் ஒளியில் விளக்கின்றி நடப்பவரின் நிலையை இது ஒத்தது. அவர் எவருடைய ஒளியையும் திருடவில்லை என்பது உண்மை. ஒளிக்கு அவர் எதனையும் வழங்கவில்லை என்பதும் உண்மை. இதனை அநீதி என்றல் மிகை. குறை என்றல் தகும்.

இக்குறையை மதிப்பிடுவதற்குத் திருக்குறளின் அமைப்பு முறை ஒரு வழியைக் காட்டுகின்றது. தக்க காலம் வரும்வரை ஒடுங்கியிருந்து, அது வாய்த்ததும் விரைந்து வினையை முடிக்குந் திறனை வள்ளுவர் 'காலமறிதல்' என்னும் 49ஆம் அதிகாரத்தில் வியந்து பேசுகின்றார். இறுதிக் கணக் கேள்விக்கு இதனினும் பொருத்தமான ஆதரவு வேறில்லை எனத் தோன்றலாம். ஆனால் அவ்வதிகாரம் பொருட்பாலில் அரசனுக்கு உரைக்கப்பட்டது. அங்கு எதிரே நிற்பவன் பகைவன். வாணிகம் செய்வோரின் கடனை வள்ளுவர் உரைப்பதோ அறத்துப்பாலில், 'நடுவுநிலைமை' என்னும் 12ஆம் அதிகாரத்தில். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே அங்கு அவர் வணிகருக்கு விதிக்கும் முறைமை. ஏலத்தில் உடன் கேட்பவர் பகைவரா, உடன்வணிகரா? இவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடையிலேயே இறுதிக் கணக் கேள்வி பற்றிய உணர்வு தங்கியுள்ளது. பகைவரென்று கொள்வோர் அதனைத் திறமை என்பர். உடன்வணிகரென்று கொள்வோர் அதில் ஏதோ நெருடலை உணர்வர். நெருடலை உணர்வோரைப் பொறாமைக்காரர் எனத் தள்ளிவிடுதல் நியாயமன்று.

இந்நெருடல் தீர்வதற்கு வழி யாது? தனிமனிதரைக் கடிந்துகொள்வதாற் பயன் விளையுமெனத் தோன்றவில்லை. ஜோன் றோல்ஸ் என்னும் அமெரிக்க மெய்யியலறிஞர் 1955இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், ஒரு வழக்கத்தை நியாயப்படுத்துதல் வேறு, அவ்வழக்கத்தின் உள்ளே நிகழும் ஒரு செயலை நியாயப்படுத்துதல் வேறு என வேறுபடுத்திக் காட்டினார். இறுதிக் கணத்திற் கேட்பது நிலவும் விதியினுள் நிகழும் செயல். குறை இருப்பின் அது விதியிலேயே தேடப்படல் வேண்டும். விதி மாறினால் பழக்கமும் மாறும் என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1999இல் அமேசன் நிறுவனம் தொடங்கி, பின்னர் கைவிட்ட ஏலத்தளத்தில் முடிவு நேரம் நிலையானதாக இருக்கவில்லை. இறுதிப் பத்து நிமிடத்துள் எவரேனும் கேட்பாராயின் ஏலம் நீடிக்கப்பட்டது. பத்து நிமிடம் எவரும் கேளாதிருந்தாலே அது முடிவடைந்தது. ஏலங் கூறுபவரின் மூன்று தரத்தைப் பொறி மீண்டும் கற்றுக்கொண்டது என இதனைக் கூறலாம். அங்கு இறுதி நேரக் கேள்விகள் ஈபேயிலும் பார்க்க மிகக் குறைவாகவே இருந்தன என்பதை றோத்தும் ஒக்கன்பெல்சும் காட்டினர். ஈபேயில் அனுபவம் மிக்கவர்கள் பிந்திக் கேட்கும் போக்குடையராயிருக்க, அமேசனில் அனுபவம் மிக்கவர்களிடம் அதற்கு மாறான போக்கே காணப்பட்டது. இரு தளங்களிலும் புகுந்தோர் மனிதரே. வேறுபட்டது விதி மாத்திரமே.

நீடிக்கும் விதியிலும் குறைகள் இல்லாமலில்லை. ஏலம் எப்பொழுது முடியும் என்பது தெரியாதவிடத்து, நெடுநேரம் காத்திருக்க ஓய்வுள்ளவருக்கே வாய்ப்பு மிகுதி. போட்டி வெறிக்கு அங்கு இடமும் அதிகம். நிலையான முடிவு ஒழுங்கைத் தருகின்றது. நீடிக்கும் முடிவு விடையளிக்கும் அவகாசத்தைத் தருகின்றது. இவற்றுள் எதனைத் தெரிவது என்பது, ஏலம் என்னும் வழக்கத்திலிருந்து ஒரு சமூகம் எதனை எதிர்பார்க்கின்றது என்பதைப் பொறுத்தது. அத்தெரிவுக்கான பொறுப்பு விதியை வகுப்போரையே சாரும். அவர்கள் வகுத்த விதியின் விளைவுக்காக அதன் கீழ் வாழ்வோர் ஒருவரையொருவர் தூற்றிக்கொள்வது இன்று பல துறைகளிலும் காணப்படும் அவலமாகும். மனிதருக்காகப் பொறிகள் கேட்டும் விற்றும் வாங்கியும் வரும் இக்காலத்தில் இந்த எச்சரிக்கை ஏல மண்டபத்துக்கு அப்பாலும் பொருந்தும்.

எனவே, இறுதிக் கணத்திற் பொறி வாயிலாகக் கேட்பவர் தம்முடன் கேட்பவரின் உரிமை எதனையும் பறிப்பதில்லை எனத் துணியலாம். ஆயினும் விதியின்மீது பொறுப்பைச் சுமத்தியதோடு அவரது கடன் தீர்ந்துவிடவில்லை. தாம் குறிக்கும் தொகை தம் மனமறிந்த மெய்யான மதிப்பாக இருத்தல் வேண்டும். வென்றபின் வாக்கைக் காத்தல் வேண்டும். தோற்றவரின் வருத்தத்தை ஏளனம் செய்யாதிருத்தல் வேண்டும். விடையளிக்க அவகாசம் தரும் விதி முன்மொழியப்படும்போது, தமது இலாபம் குறையுமென்பதற்காக அதனை எதிர்க்காதிருத்தல் வேண்டும். இவற்றுள் இறுதியானதே கடினமானது. விதி தமக்குச் சாதகமாயிருக்கையில் அவ்விதி நியாயமானதா எனக் கேட்கத் துணிபவர் சிலரே. தோற்றவருக்கும் ஒரு பாடம் உண்டு. 'இன்னும் கொடுத்திருப்பேன்' எனப் பின்னர் எழும் எண்ணம், முன்னர் தம் மனத்தை அவர் முழுமையாக வினாவவில்லை என்பதையே காட்டுகின்றது. பிறரிடம் விலை கேட்குமுன் தன்னிடம் கேட்டுக்கொள்ளுதல் வாங்குவோர் அனைவருக்கும் பொதுவான கடனாகும்.